ஓடைக்கு காசு எங்கேர்ந்து வாங்கறது: லாட்டரியா, டாலரா, முனிசிபாலிட்டியா, கம்பெனியா?

போன ஞாயித்துக்கிழமை கோயில் ஹால்ல மூணு மணி நேரம் உக்காந்து பேசினோம், முடிவு வரல. தென்னாப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வர்த்ல எங்க ஓடை களையும் குப்பையுமா கிடக்கு, அதை சரி பண்ண காசு எங்க கேக்கறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒரு அண்ணன் லாட்டரிக்கு போடுவோம், பெருசா வரும்னார். ஒரு பெரியம்மா அது முனிசிபாலிட்டி வேலை, நாம எதுக்கு காசு தேடி அலையணும்னாங்க. யூனிவர்சிட்டில படிக்கிற பொண்ணு ஒண்ணு யூஎன் காசு டாலர்ல இருக்கு, அதைக் கேளுங்கன்னா. எல்லார் பேச்சுலயும் நியாயம் இருக்கு, ஆனா நாலு பேர் ஒரே நேரத்துல பேசற எடத்துல ஒண்ணையும் முழுசா சொல்லி முடிக்க முடியல, அதான் வீட்டுக்கு வந்து உக்காந்து எழுதிட்டேன். சாட்ஸ்வர்த்துக்கு மட்டும் இல்ல, ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், இசிபிங்கோ, மாரிட்ஸ்பர்க்னு ஆத்துப் பக்கம் குடியிருக்கிற நம்ம ஆளுங்க யாருக்கும் இது உதவும்.

ஹால்ல எல்லாரும் கேட்ட கேள்வி எங்க நிறைய கிடைக்கும், எங்க சீக்கிரம் கிடைக்கும்ங்கறது. என் கேள்வி வேற. மூணாவது வருஷம் எந்தக் காசு இன்னும் வந்துட்டு இருக்கும்? இதையே ஏன் பிடிச்சிட்டு நிக்கறேன்னா, ஒரு தடவை பட்டாச்சு.

சில வருஷம் முன்னாடி நாங்க எட்டு பேர் சேர்ந்து இதே ஓடைக்கு ஒரு கிராண்ட் வாங்கினோம், யார் குடுத்தாங்கன்னு பேர் வேண்டாம். ஒரு வருஷத்துக் காசு, ரெண்டு தவணை. முதல் தவணைல ஆறு பேரை கூலிக்கு வெச்சு பாலத்துல இருந்து கிரிக்கெட் கிரவுண்ட் வரைக்கும் பக்வீட்ங்கற வெளியூர்க் களை, உண்ணிச்செடி, ஆமணக்கு எல்லாத்தையும் வெட்டி எடுத்தோம், கரை வெளிச்சமாச்சு, நாணல் நடுவுல தண்ணி ஓடறது ரோட்ல இருந்தே தெரிஞ்சுது. ரெண்டாவது தவணை ஏழு மாசம் லேட். அதுக்குள்ள மழை சீசன் வந்து போயிடுச்சு. பக்வீட் பத்தி தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, வெட்டின அடிக்கட்டைல மருந்து தடவி திரும்பத் திரும்ப வந்து பாக்கலன்னா ஒரு தண்டு இருந்த எடத்துல நாலு துளிர் கிளம்பும், போதாததுக்கு புறா அந்த மஞ்ச பழத்தை தின்னுட்டு வந்து விதை போடும். மார்ச்ல நான் போய் நின்னப்போ செடி என் தோள் உயரம், இலைக்கு அடிப்பக்கம் இருக்கிற சுணை மூக்குல ஏறி தும்மி தும்மி கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கூலிக்கு வந்த ஆறு பேர்ல நாலு பேர் வேற வேலைக்கு போயிட்டாங்க, அவங்களை தப்பு சொல்ல முடியுமா, ஏழு மாசம் சம்பளம் இல்லாம யாரு காத்திருப்பாங்க. ரிப்போர்ட்ல இன்னைக்கும் 600 மீட்டர் சுத்தம் செய்யப்பட்டதுன்னு இருக்கு. போய்ப் பாருங்க.

அதனால எந்த ஃபண்டரைப் பத்தி பேசறதுக்கு முன்னாடியும் நம்ம செலவு என்னன்னு பாக்கணும். கம்பூட்ஸ், கையுறை, அரிவாள், குப்பைப் பை எல்லாம் சின்னக் காசு. பெரிய காசு கூலிதான். 2025 மார்ச்ல மினிமம் வேஜ் மணிக்கு 28.79 ரேண்டா இருந்துது, அந்த ரேட்டை வெச்சே கணக்கு போடறேன். எட்டு மணி நேரம், மாசம் 22 நாள்னா ஒரு ஆளுக்கு 5,067 ரேண்ட், ஆறு பேருக்கு மாசம் 30,400, வருஷத்துக்கு 3 லட்சத்து 65 ஆயிரம் கிட்ட, இதுல யூஐஎஃப் (வேலை போனா கிடைக்கற இன்ஷூரன்ஸ்), வேலைல அடிபட்டா கட்ற இன்ஷூரன்ஸ் எதுவும் சேரல. அதே ஆறு பேர் வாரத்துக்கு ரெண்டே நாள், 16 மணி நேரம்னா ஆளுக்கு வாரம் 460 ரேண்ட் சொச்சம், ஆறு பேருக்கும் சேர்த்து வருஷம் 1 லட்சத்து 44 ஆயிரத்துல முடிஞ்சிடும். ஆக 5 லட்சம் ரேண்ட் கைல இருந்தா முழு நேரமா 16 மாசம் ஓட்டலாம், வாரம் ரெண்டு நாளா மூணு வருஷத்துக்கு மேல ஓட்டலாம். ஓடைக்கு எது நல்லது? என்னைக் கேட்டா ரெண்டாவது, ஏன்னா களை ஒரே மூச்சுல சாகாது, வெட்டினதுக்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷம் விடாம வந்து துளிரைக் கிள்ளணும். வேலை தேடறவங்க பக்கம் நின்னு பாத்தா முழு நேர சம்பளம்தான் வேணும், அது எனக்கு தெரியும், அதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. ஆனா 16 மாசம் குடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பறதை விட மூணு வருஷம் நம்பி இருக்கிற மாதிரி ரெண்டு நாள் மேல்னு எங்க டீம்ல வேலை செஞ்ச ஒரு அக்காவே சொன்னாங்க, மத்த நாள்ல அவங்க காய்கறி விக்கறாங்க.

இப்போ லாட்டரி. நேஷனல் லாட்டரீஸ் கமிஷன், சுருக்கமா என்.எல்.சி. 1997 சட்டத்துல வந்தது, டிக்கெட் வித்த காசுல ஒரு பங்கு நல்ல காரியத்துக்கு போகணும்ங்கறதுதான் ஏற்பாடு. சுற்றுச்சூழலை கலை, கலாச்சாரம், பாரம்பரியம் கூட ஒரே பிரிவுல சேர்த்து வெச்சிருக்காங்க, அதனால நம்ம ஓடை நாடகக் குழுவோடயும் மியூசியத்தோடயும் ஒரே வரிசைல நிக்கும். 5 லட்சம் ரேண்ட் வரைக்கும் சின்ன கிராண்ட், அதுக்கு மேல 50 லட்சம் வரைக்கும் நடுத்தரம், அதுக்கும் மேல பெருசு. அண்ணன் சொன்னது நடுத்தரம். அதுக்கு ரெண்டு வருஷக் கணக்கு ஆடிட் பண்ணி காட்டணும், நம்ம குழுகிட்ட இருக்கிறது பாஸ்புக்கும் ரசீது போட்ட ஷூ பெட்டியும்தான், அதனால சின்ன கிராண்ட் பத்தி மட்டும் பேசுவோம்.

அப்ளை பண்ணா முடிவு சொல்ல 150 நாள்னு கணக்கு வெச்சிருக்காங்க. அஞ்சு மாசம். அக்ரிமென்ட், தவணை எல்லாம் அதுக்கு மேல. பெரிய சிக்கல் எனக்கு அது இல்ல. ஒரு தடவை வாங்கினவங்க திரும்ப அப்ளை பண்ண ஒரு வருஷம் காத்திருக்கணும்ங்கற ரூல் இருக்கு பாருங்க, அதுதான். ஸ்டேஜ் கட்ட, வேன் வாங்க காசு வாங்கறவங்களுக்கு அது பரவாயில்ல, ஸ்டேஜ் ஒரு வருஷத்துல துளிர்த்து வளராது. நமக்கு அந்த ஒரு வருஷ இடைவெளில முன்னாடி நடந்ததே திரும்ப நடக்கும். இன்னொண்ணு, என்.எல்.சி கிராண்ட்ல நடந்த முறைகேட்டை விசாரிக்க 2020ல ஜனாதிபதி ராமபோசா எஸ்.ஐ.யூ.ங்கற அரசாங்க விசாரணை அமைப்புக்கு உத்தரவு போட்டார், அதுக்கு அப்புறம் பேப்பர் கேக்கறது இறுகிப் போச்சு. ஓடைக்காக வந்த ஒவ்வொரு ரேண்டுக்கும் கணக்கு கேக்கறது நல்லதுதான், நான் குறை சொல்லல, ஆனா வாலண்டியர் குழு அந்தக் கணக்கை வெச்சிருக்க முடியுமான்னு முதல்ல பாத்துக்கணும். அதனால லாட்டரியை நான் வேண்டாம்னு சொல்லல, கூலிக்கு வேண்டாம்னு சொல்றேன். கருவி வெக்க ஒரு கன்டெய்னர், நாத்து வளர்க்க ஒரு நர்சரி, தண்ணில குப்பை தடுக்கற மிதவை, இந்த மாதிரி ஒரே தடவை வாங்கி முடியற சாமானுக்கு நல்ல எடம்.

அந்தப் பொண்ணு சொன்ன டாலர் காசு, ஜெஃப் (உலக சுற்றுச்சூழல் நிதி) ஸ்மால் கிராண்ட்ஸ் புரோகிராம். யூஎன்னோட வளர்ச்சி அமைப்பு யூஎன்டிபி நடத்தறது, 1992ல இருந்து பல நாட்டுல ஓடுது. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு அதிகபட்சம் பல வருஷமா 50,000 டாலரா இருந்துது, இப்போ என்னன்னு கேட்டுக்கணும், அதை வெச்சே கணக்கு சொல்றேன். ரேட் 18 ரேண்ட்னா 9 லட்சம், 16க்கு இறங்கினா 8 லட்சம், புரொப்போசல் எழுதற அன்னைக்கு ஒரு கணக்கு காசு வர்ற அன்னைக்கு ஒரு கணக்குன்னு ஆகலாம், அதை மனசுல வெச்சு கொஞ்சம் கையை இறுக்கி பட்ஜெட் போடணும். இதுல எனக்கு பிடிச்ச விஷயம் ரெண்டு. ஒண்ணு, யாருக்கு குடுக்கறதுன்னு முடிவு பண்ற கமிட்டில அரசாங்கத்துக்கு வெளிய இருக்கிறவங்கதான் பெரும்பான்மை, ஊர்க் குழுன்னா என்னன்னு அவங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு, பெரிய புரொப்போசல் எழுதறதுக்கே ஒரு சின்ன பிளானிங் கிராண்ட் உண்டு, 5,000 டாலர் வரைக்கும். ஓடையை அளந்து, மேப் போட்டு, கரைல குடியிருக்கிறவங்களை உக்கார வெச்சு பேசி எழுத அந்தக் காசு. புரொப்போசல் எழுதத் தெரிஞ்ச வக்கீலும் அக்கவுன்டன்டும் கமிட்டில இல்லாத குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு நெனச்சு பாருங்க.

கஷ்டம் எங்கன்னா, அவங்க ஒவ்வொரு கட்டத்துலயும் சில நிலப்பரப்பை தேர்ந்தெடுத்து அங்கதான் காசைக் குவிப்பாங்க, நம்ம எடம் அதுல வருதான்னு எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஃபோன் போட்டு கேட்டுடணும். இன்னொண்ணு, நம்ம பங்கும் காட்டணும், காசா இருக்கலாம், உழைப்பா இருக்கலாம். உழைப்புல நமக்கு குறையே இல்ல, ஆனா எழுதி வெச்சோமா? சனிக்கிழமை 14 பேர் வந்து நாலு மணி நேரம் வேலை செஞ்சா அது 56 மணி நேரம், ஹால்ல சமைச்சு அனுப்பின சாப்பாடு, பிரதர் ஒருத்தரோட பாக்கி (பிக்கப்) வண்டி ரெண்டு ட்ரிப், எல்லாம் கையெழுத்தோட நோட்டுல இருந்தா அது நம்ம பங்கு. இல்லன்னா வெறும் பேச்சு. இந்த வாரமே ஒரு நோட்டு போடுங்க, காசு எங்க வாங்கினாலும் அது வேணும்.

பெரியம்மா சொன்னதுக்கு வரேன். அது முனிசிபாலிட்டி வேலைதான், அதுல பாதி சரி. சாக்கடை பைப்பு, மேன்ஹோல், பம்ப் ஸ்டேஷன் எல்லாம் முனிசிபாலிட்டியோட கடமை, அதுக்கு நாம கிராண்ட் காசுல ஒரு சென்ட் செலவு பண்ணக் கூடாது, பண்ணா அப்புறம் எப்பவும் நம்ம தலைல விழும். மேன்ஹோல் வழிஞ்சா ஃபோட்டோ, தேதி, ரெஃபரன்ஸ் நம்பர், திரும்ப எப்போ சரியாச்சு, இதை எழுதி வெக்கறதுதான் நம்ம வேலை. ஆனா டர்பன்ல ஓடையும் ஆறும் சேர்த்து 7,400 கிலோமீட்டர். அத்தனை கரையையும் ஈதெக்வினி, அதான் நம்ம டர்பன் முனிசிபாலிட்டி, ஒரே ஆளா பாக்கறது நடக்கற காரியமா? அதுக்குத்தான் அவங்க சிஹ்லான்ஸிம்வெலோன்னு ஒண்ணு நடத்தறாங்க. உம்லாஸி, இனாண்டா, இன்டுஸுமா, க்வாமாஷு பக்கம் ஓடைக்கரைல குடியிருக்கிறவங்களே கோ-ஆப்பரேட்டிவ் அமைச்சு, ஒவ்வொரு கோ-ஆப்புக்கும் ஒரு நீளம் பிரிச்சு குடுத்து, களை, குப்பை எடுக்க காசு குடுக்கறாங்க. மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல.

நல்லா கவனிங்க, அது கிராண்ட் இல்ல, கான்ட்ராக்ட். நாம எழுதிப் போட்டு வாங்கறது இல்ல, பட்ஜெட்ல எந்த ஓடை வருதோ அதுக்குத்தான். ஆனா வேலை நடக்கற விதத்துல நான் பாத்ததுலயே இதுதான் ஓடைக்கு பொருந்தற மாதிரி இருக்கு, ஏன்னா ப்ராஜெக்ட் முடிஞ்சதுன்னு ஒரு தேதி கிடையாது, மாசா மாசம் அதே ஆளு அதே கரைக்கு வர்றாங்க. 1995ல காடர் அஸ்மால் தண்ணி மந்திரியா இருந்தப்போ ஆரம்பிச்ச வொர்க்கிங் ஃபார் வாட்டரும் இதே யோசனைதான், வெளியூர் மரம் தண்ணியைக் குடிக்குது, அதை வெட்ட வேலை இல்லாதவங்களுக்கு சம்பளம் குடு, ரெண்டு காரியமும் ஆகும். நம்ம ஓடையை அந்தத் திட்டத்துல சேர்க்கச் சொல்லி வார்டு கவுன்சிலருக்கு லெட்டர் குடுக்கணும், குடுத்துட்டு கேட்டுட்டே இருக்கணும். அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கலாம்னா எனக்கு மனசு வரல. கீழ்ப்பக்கம் இன்ஃபார்மல் செட்டில்மென்ட்ல இருக்கிற பிள்ளைங்க சம்மர் லீவ்ல அந்தத் தண்ணிலதான் குதிச்சு விளையாடுதுங்க. குளிக்கிற, நீந்தற தண்ணில 100 மில்லிக்கு 130 ஈகோலைக்கு (மலத்துல இருந்து வர்ற கிருமி) மேல இருக்கக் கூடாதுன்னு 1996லயே இந்த நாட்டோட வழிகாட்டி சொல்லுது. அந்தப் பாலத்துக்கு கீழ மூக்கைப் பிடிச்சிட்டு நிக்கறப்போ அந்த நம்பரை நெனச்சா வயித்தைக் கலக்குது.

கம்பெனி காசு பத்தி ஹால்ல யாரும் பேசல, எனக்கு அதுதான் கூலிக்கு சரியான எடம்னு படுது. காரணம் சொல்றேன். கறுப்பின மக்களுக்கு பொருளாதாரத்துல எடம் குடுக்கறாங்களான்னு கம்பெனிக்கு மார்க் போடற பி-ட்ரிபிள்-ஈ ஸ்கோர்கார்டுல சமூக வளர்ச்சிக்குன்னு வரி கழிச்ச லாபத்துல 1 சதவீதம் செலவு பண்ணா பாயின்ட் உண்டு. அது வருஷா வருஷம் பாக்கற கணக்கு, அதனால காசும் வருஷா வருஷம் வெளிய போயாகணும். லாட்டரி மாதிரி ஒரு வருஷம் விட்டு வான்னு சொல்ல அவங்களுக்கு அவசியம் இல்ல, சொல்லப்போனா போன வருஷம் ஒழுங்கா ரிப்போர்ட் குடுத்த குழுவுக்கே திரும்ப குடுக்கறது அவங்களுக்கு சுலபம். வாரம் ரெண்டு நாள் ஆறு பேர், வருஷம் 1 லட்சத்து 44 ஆயிரம், இதை மூணு கம்பெனி பிரிச்சா ஆளுக்கு 48 ஆயிரம். நடுத்தர கம்பெனி ஒண்ணுக்கு அது முடியாத தொகை இல்ல.

ஆனா ஒரு பள்ளம் இருக்கு, அதுல நாம விழப் பாத்தோம். கம்பெனிக்காரங்க முதல்ல கேக்கறது 18ஏ ரசீது. அது இருந்தா அவங்க குடுத்த நன்கொடையை வரிக் கணக்குல கழிச்சுக்கலாம், வரிக்குட்பட்ட வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும். நம்ம கமிட்டி நெனச்சது கோயிலுக்கு பி.பி.ஓ நம்பர் (வரி விலக்கு உள்ள பொதுநல அமைப்போட நம்பர்) இருக்கே, கோயில் பேர்லயே ரசீது குடுத்துடலாம்னு. முடியாது. மதக் காரியத்துக்கு வரி விலக்கு உண்டு, ஆனா 18ஏ ரசீது குடுக்கற உரிமை அதுக்கு இல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு உண்டு. அதனால ஓடைக்குன்னு தனியா ஒரு அமைப்பு பதிவு பண்ணி, என்.பி.ஓ.வா (லாப நோக்கம் இல்லாத அமைப்பா) பதிஞ்சு, சார்ஸ்ங்கற வரி ஆபீஸ்ல பி.பி.ஓ அப்ரூவலும் 18ஏ அப்ரூவலும் வாங்கணும். என்.பி.ஓ பதிவுக்கு காசு இல்ல, ஆனா நிதியாண்டு முடிஞ்ச ஒம்பது மாசத்துக்குள்ள வருஷா வருஷம் ரிப்போர்ட் போடணும், போடலன்னா பதிவு போயிடும், நம்ம ஊர்ல எத்தனையோ நல்ல சங்கம் அப்படி காணாம போயிருக்கு. கோயில்ல சில பெரியவங்களுக்கு தனி அமைப்புன்னதும் முகம் சுருங்கிச்சு, கோயில் பேரை எடுத்துடறீங்களான்னு கேட்டாங்க. எடுக்கல மாமா. கோயில் ஹால், கோயில் ஆளுங்க, கோயில் சாப்பாடு, எல்லாம் அப்படியே இருக்கும், பேங்க் அக்கவுன்ட் மட்டும் தனி.

இன்னொரு கேள்வி இருக்கு, அதை மறைச்சு வெக்கக் கூடாது. அதே ஆத்துல தண்ணி விடற ஃபேக்டரியே காசு குடுக்க வந்தா வாங்கறதா? எனக்கு தெரிஞ்சு இதுக்கு ஆமா இல்லன்னு ஒரே பதில் கிடையாது. வாங்கலாம், ஆனா அவங்க அவுட்லெட்டுக்கு மேலயும் கீழயும் மாசா மாசம் நாம டெஸ்ட் பண்ணுவோம், ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம், இதை அக்ரிமென்ட்ல எழுதி கையெழுத்து போட்டா மட்டும். போட மாட்டேன்னா அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

டெஸ்ட்னா லேப் செலவு ஆகுமேன்னு பயப்பட வேண்டாம், மினிசாஸ்னு ஒண்ணு இருக்கு, இந்த நாட்டுலயே உருவாக்கினது. தண்ணில வாழற பூச்சி பொட்டு 13 வகையா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் மார்க் குடுத்திருக்காங்க. போன மாசம் எங்க தெருப் பிள்ளைங்களோட பண்ணேன். வலையை கல்லுக்கு கீழ்ப்பக்கம் பிடிச்சிட்டு காலால கல்லைக் கிளறணும், அஞ்சு நிமிஷம், அப்புறம் வலையை வெள்ளை ஐஸ்கிரீம் டப்பால கவுத்து தண்ணி ஊத்தி பாக்கணும். முதல்ல சேறு மட்டும் தெரியும். கொஞ்சம் பொறுத்தா அந்தச் சேறுல ஒண்ணு நெளியும். புழு, மார்க் 2. அட்டை, 2. ஈயோட குஞ்சு, செவப்பா நூல் மாதிரி, 2. நத்தை, 4. ஒரு சின்ன நண்டு, 6, அதைப் பாத்து பிள்ளைங்க கத்தின கத்து ரோடு வரைக்கும் கேட்டுருக்கும். மொத்தம் 16, அஞ்சு வகை, சராசரி 3.2. கல்லு இருக்கிற ஆத்துல 5.1க்கு கீழ போனாலே ரொம்ப மோசம்னு அர்த்தம். ஸ்டோன்ஃப்ளைன்னு ஒரு பூச்சி, அதுக்கு 17 மார்க், சுத்தமான குளிர்ந்த தண்ணிலதான் அது உயிர் வாழும், அதோட படத்தை அந்த கார்டுல பாத்துட்டு ஒரு பையன் "இது எப்போ வரும் அங்கிள்?"னு கேட்டான். இந்த மார்க்கை மாசா மாசம் எழுதி வெச்சா எந்த ஃபண்டர்கிட்டயும் வெட்டினது எத்தனை மீட்டர்னு மட்டும் சொல்லாம, தண்ணி மாறிச்சான்னு சொல்லலாம்.

கடைசியா யாரும் யோசிக்காத வழி, ஏற்கனவே பதிவும் ஆடிட்டும் இருக்கிற ஒரு டிரஸ்ட்டுக்கு கீழ சேர்றது. மாரிட்ஸ்பர்க் ஆளுங்களுக்கு இது கைக்கு எட்டற தூரத்துல இருக்கு, டூஸி-உம்ஜெனி கன்ஸர்வேஷன் டிரஸ்ட், டக்ட்னு சொல்லுவாங்க. டூஸி படகுப் போட்டி தெரியும்ல, 1951ல இயன் பிளேயர் ஆரம்பிச்சது, மாரிட்ஸ்பர்க்ல இருந்து டர்பன் வரைக்கும், அதுல போறவங்க அந்தத் தண்ணி வாய்ல பட்டு வயித்தால போய் அவதிப்பட்டாங்க, ஆத்தை சரி பண்ணியே ஆகணும்னு கிளம்பினதுல அந்தப் படகு ஓட்றவங்களுக்கு பெரிய பங்கு. மிட்மார் டேமுக்கு மேல இருக்கிற எம்போஃபொமெனில தொடங்கின என்விரோ சாம்ப்ஸ் முறையும் இந்தப் பக்கத்துதுதான், ஊர் இளைஞர்களே தெருத் தெருவா போய் வழியற மேன்ஹோலை கணக்கெடுத்து, வீடு வீடா பேசி, தண்ணியை டெஸ்ட் பண்றாங்க. நம்ம ஓடை உம்ஜெனில சேரல, உம்லதுஸானால சேருது, அது உம்பிலோவோட சேர்ந்து கால்வாய் வழியா ஹார்பருக்கு போகுது, அதனால நம்ம பக்கம் வேலை செய்யற வேற டிரஸ்ட்டைத்தான் பாக்கணும்.

இப்படி சேர்ந்தா நன்மை என்னன்னா அவங்க 18ஏ ரசீது, அவங்க ஆடிட், அவங்க இன்ஷூரன்ஸ், மருந்து அடிக்க லைசென்ஸ் உள்ள ஆளு, எல்லாம் முதல் நாள்ல இருந்தே கிடைக்கும். அரசாங்கத்தோட தொழில் வளர்ச்சி நிறுவனம் ஐ.டி.சி நடத்தற சோஷியல் எம்ப்ளாய்மென்ட் ஃபண்ட் மாதிரி திட்டம் எல்லாம் பெரிய அமைப்பு வழியாத்தான் வரும், வாரம் 16 மணி நேர வேலைங்கற கணக்கே அங்க இருந்து நான் எடுத்ததுதான். ஆனா அந்தக் காசு ட்ரெஷரி பட்ஜெட்டைப் பொறுத்தது, வந்தா வாங்கிக்கலாம், அதை நம்பி ஆளைச் சேர்க்கக் கூடாது. தீமை என்ன? நிர்வாகச் செலவுக்கு அவங்க ஒரு பங்கு எடுப்பாங்க, நம்ம ஓடை அவங்க லிஸ்ட்ல பத்தாவது எடத்துல இருக்கலாம், முடிவு நம்ம கைல இருக்காது. அதனால எத்தனை சதவீதம், காசு எத்தனை நாள்ல கைமாறும், விலகணும்னா எப்படி, மூணையும் எழுத்துல வாங்கணும். எங்க பழைய கிராண்ட்ல இந்த ரெண்டாவது கேள்வியை நாங்க கேக்கவே இல்ல.

டபிள்யூடபிள்யூஎஃப் நெட்பேங்க் கிரீன் டிரஸ்ட், 1990ல இருந்து இருக்கு, நல்ல வேலைங்களுக்கு காசு குடுத்திருக்காங்க, ஆனா புதுசா ஒண்ணை முயற்சி பண்ணி பல எடத்துக்கு பரப்பற மாதிரி ப்ராஜெக்ட்டுக்குத்தான் அது ஏத்தது, நம்ம ரெண்டு கிலோமீட்டர் ஓடைக்கு இப்போ வேண்டாம். அப்புறம் கரைல கல்லு வலை கட்டலாம், ஓடையைத் திருப்பலாம்னு ஒரு யோசனை வந்துது இல்ல, அதுக்கு 1998 தண்ணிச் சட்டம் 21வது பிரிவுல அனுமதி சமாச்சாரம் வரும். குப்பை எடுக்க, களை வெட்ட அந்தத் தொந்தரவு இல்ல. முதல் மூணு வருஷம் கல்லு வலைப் பேச்சே வேண்டாம்.

ஆக என் ஓட்டு இப்படி. இந்த வருஷம் ஒரு டிரஸ்ட்டுக்கு கீழ சேர்ந்து, பிளானிங் கிராண்டுக்கு ஃபோன் போட்டு, கூடவே நம்ம என்.பி.ஓ பதிவையும் 18ஏ.வையும் ஆரம்பிக்கறது. அது கைக்கு வந்ததும் மூணு கம்பெனிகிட்ட வாரம் ரெண்டு நாள் கூலி கேக்கறது. லாட்டரில சாமானுக்கு மட்டும். கவுன்சிலர் லெட்டர் இந்த மாசமே. அண்ணன் சொல்ற பெரிய தொகை மூணாவது வருஷம், ரெண்டு வருஷ ஆடிட் கைல இருக்கறப்போ கேக்கலாம், அப்போ நான் அவரோட சேர்ந்து எழுதறேன்.

சிலர் கேட்டாங்க, கோயிலுக்கும் ஓடைக்கும் என்ன சம்பந்தம்னு. 1875ல உம்பிலோ ஆத்தங்கரைல நம்ம பெரியவங்க கட்டின அம்பலவாணர் ஆலயம் 1905 வெள்ளத்துல போச்சு. 1917ல உம்ஜெனி பொங்கினப்போ டின் டவுன்ல சிக்கினவங்கள்ல 176 பேரை படவட்டான் கூட்டத்து ஆறு மீனவங்க படகுல போய் கரை சேர்த்தாங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல நம்ம தெருவுல என்ன நடந்துதுன்னு நான் சொல்ல வேண்டாம். கரும்புத் தோட்டத்தை விட்டு வந்தவங்க மடும்பிக் கிழங்கும் கீரையும் போட்டு பிழைச்சது ஆத்தோரத்துலதான். என் சின்ன வயசுல கரகம் ஜோடிக்க இந்த ஓடைக்குத்தான் போவோம், ஆயா கால் நனைச்சு, ஒரு கை தண்ணி அள்ளி தலைல தெளிச்சுப்பாங்க. இப்போ கரைல நின்னு டிரம்ல கொண்டு போன குழாய்த் தண்ணியை ஊத்திக்கறோம். பூஜை முடிஞ்சு தேங்காய், துணி, கற்பூர பாக்கெட்னு நாமளும் அதுலயேதான் விடறோம், அதை நிறுத்த எந்த ஃபண்டர் காசும் தேவையில்ல, அடுத்த கூழ் பூஜைக்கு முன்னாடி ஹால்ல ஒரு தொட்டி வெச்சா போதும்.

வர்ற ஞாயிறு காலைல எட்டு மணிக்கு பாலத்துக்கு கீழ பூச்சி கணக்கெடுப்பு, பத்தரைக்கு ஹால்ல கமிட்டி. கம்பூட்ஸ் போட்டுட்டு வாங்க, வீட்ல வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா இருந்தா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, போன சனிக்கிழமை வேலைக்கு வந்தவங்க நோட்டுல கையெழுத்து போடாம போயிட்டாங்க, அதையும் வந்து போட்டுடுங்க.